கால் பிசகிய முயல் சாவது காலால் அல்ல

முயலுக்குக் கால் போனால் முயலே போனது என்று ஒரு பேச்சு நம் ஊரில் நன்றாக வேரூன்றிவிட்டது. செல்லப்பிராணிக் கடைக்காரர் அதைச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். மாட்டையும் நாயையும் பார்த்தே பழகிய மருத்துவர்கள் சிலரும் சொல்கிறார்கள். குழந்தை கைதவறிக் கீழே விட்டதாலோ, கூண்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டு துள்ளியதாலோ பின்னங்கால் மூட்டு விலகிப்போன முயலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடுகிற குடும்பத்துக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இது பிழைக்காதுங்க. மயக்க ஊசி போட்டா தாங்காது. பேசாம வேற ஒண்ணு வாங்கிக்குங்க." எங்களுக்கும் ஒரு கிளினிக்கில் இதையேதான் சொன்னார்கள். முயலைத் துண்டிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை.

இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. இந்தப் பேச்சு உயிரை எடுக்கிறது. பிழைக்காது என்று நம்புகிறவர் வைத்தியம் பார்ப்பதில்லை. வைத்தியம் பார்க்காததால் இரண்டு மூன்று நாளில் முயல் செத்துப்போகிறது. செத்ததும் "நான் அப்பவே சொன்னேனே" என்கிறார்கள். அப்படிச் செத்த ஒவ்வொரு முயலும் அடுத்த வீட்டு முயலுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: மூட்டு விலகியதால் முயல் சாவதில்லை. வலி தாங்காமல் அது தின்பதை நிறுத்துகிறது, தின்னாததால் குடல் நிற்கிறது, குடல் நின்றதால் சாகிறது. காலுக்கும் சாவுக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று நாள் முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

முயலின் வயிறு நாய் வயிறு மாதிரி நாளுக்கு இரண்டு வேளை நிரப்பி வைக்கும் வயிறு இல்லை. புல்லின் நார் ஓயாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் நகரும். அதன் குருட்டுக்குடல் மிகப் பெரியது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரைப் புளிக்கவைத்து முயலுக்குச் சத்தாக்கித் தருகின்றன. உணவு வரவு நின்றால் உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும், வயிறு வலிக்கும். வலித்தால் இன்னும் தின்னாது. முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாத முயலை அவசர நோயாளியாகத்தான் கருத வேண்டும். கால் எப்படி இருக்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எல்லாரும் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூண்டுத் தட்டில் புழுக்கை விழுந்திருக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

"அது கத்தவே இல்லையே, வலி அவ்வளவா இருக்காது" என்பார்கள். இந்த வாதம்தான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. முயல் இரையாகும் பிராணி. அடிபட்டதை வெளியே காட்டிக்கொண்டால் அதைத்தான் நரியும் பருந்தும் முதலில் தேர்ந்தெடுக்கும். அதனால் வலியை மூடி மறைப்பது அதன் உடம்பில் ஊறியது. உயிர் போகிற பயத்திலோ பொறுக்கவே முடியாத வலியிலோ மட்டுமே முயல் வீறிடும். மற்றபடி வலியில் அது மூலையில் ஒடுங்கி உட்காரும், அவ்வளவுதான். இதைப் படிக்கத் தெரியாமல் போவதற்கு நமக்கு இப்போது சாக்கும் கிடையாது. முயலின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்கும் முறையொன்றை ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டுவிட்டார்கள். அவர்கள் பார்க்கச் சொன்னவை ஐந்து. கண் பாதி மூடி இறுகுகிறதா, கன்னத்தின் உருட்சி போய்த் தட்டையாகிறதா, மூக்குத்துளையின் வளைவு கூராகிறதா, மீசை மயிர் விறைத்து நிற்கிறதா, காதுகள் சுருண்டு பின்னுக்குப் போகின்றனவா. இதோடு காதைக் கிட்டே வைத்துக் கேட்டால் பல்லை நறநறவென்று அழுத்திக் கடிக்கும் சத்தம் கேட்கும். தடவிக் கொடுக்கும்போது சுகமாக மெல்ல அரைக்கும் சத்தம் வேறு, இது வேறு. ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அடுத்து, "ரெண்டு மூணு நாள் கூண்டில் விட்டுப் பார்ப்போம், தானா சரியாயிடும்" என்கிற பொறுமை. சுளுக்காக இருந்தால் சரியாகலாம். மூட்டு விலகலுக்கு இந்தப் பொறுமைதான் எமன். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியிலிருந்து வெளியே வந்துவிட்டால், பெரும்பாலும் மேலும் முன்னுமாக நகர்ந்து நிற்கும். அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும், பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். சுற்றியுள்ள தசைகள் உடனே சுருங்கி இழுத்துக்கொள்ளும். முயலின் பின்னங்கால் தசை எவ்வளவு வலுவானது என்பது அதைத் தூக்கிய எல்லாருக்கும் தெரியும். நாளாக ஆகக் காலியான குழிக்குள் இரத்தக் கட்டியும் நார்த்திசுவும் நிரம்பிவிடும். முதல் ஓரிரு நாளுக்குள் போனால், மயக்கத்தில் தசையைத் தளர்த்தி, அறுக்காமலே தலையைக் குழிக்குள் திருப்பி உட்கார வைக்க வாய்ப்பு இருக்கிறது. ஒரு வாரம் கழித்துப் போகிறவருக்கு அந்த வாய்ப்பு அநேகமாகப் போய்விட்டது, கத்திதான் மிச்சம். அப்புறம் "ஆபரேஷன் செலவு அதிகம்" என்கிறோம். அந்தச் செலவை ஏற்றியது நம் தாமதம்.

நாட்டுக் கட்டு கட்டினால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. மனிதர்களுக்குக் கட்டும் வைத்தியர்களோடு இந்தக் கட்டுரையில் எனக்கு வழக்கு இல்லை. முயலின் இடுப்புக்கு அந்தக் கட்டு எப்படி நிற்கும் என்பதுதான் என் கேள்வி. ஒரு மூட்டை அசையாமல் வைக்க வேண்டுமென்றால் கட்டு அதற்கு மேலேயும் கீழேயும் பிடித்தாக வேண்டும். இடுப்பு மூட்டுக்கு மேலே இருப்பது உடம்பு. மூங்கில் பத்தையும் முட்டைக்கரு பூசிய துணியும் சில மணி நேரத்தில் முழங்கால் வரை வழுக்கி இறங்கிவிடும். அங்கே எடையாகத் தொங்கிக்கொண்டு, விலகிய மூட்டை இன்னும் இழுக்கும். மிச்சத்தை முயலே கடித்துத் தின்றுவிடும். எக்ஸ்ரே எடுக்காமல் காலைப் பிடித்து இழுப்பதோ இன்னும் மோசம். முயலின் எலும்புக்கூடு மொத்தமும் அதன் உடல் எடையில் ஏழெட்டு சதவீதம்தான். பூனைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. அவ்வளவு மெல்லிய எலும்பில் விலகலும் முறிவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். முறிந்த எலும்பை விலகல் என்று நினைத்து இழுத்தால், கூர்முனை நரம்பையும் இரத்தக்குழாயையும் கிழித்துவிடும். மல்லாக்கப் போட்டு இழுக்கும்போது "பாருங்க, எப்படி அமைதியா இருக்கு" என்று மெச்சிக்கொள்கிறார்களே, அது அமைதி இல்லை. பிடிபட்ட பிராணி அச்சத்தில் உறைந்து கிடக்கிறது.

மயக்க மருந்து விஷயத்துக்கு வருவோம். இதில் ஒரு துளி உண்மை உண்டு, அந்தத் துளியை வைத்துக்கொண்டுதான் முழுப் பொய்யும் உலவுகிறது. பிரிட்டனில் பல்லாயிரம் பிராணிகளைக் கணக்கெடுத்து 2008இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் முயல்கள் மட்டும் எட்டாயிரத்துக்கு மேல். மயக்கத்தாலோ அதை ஒட்டியோ இறந்தவை நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. நாயைவிட எட்டு மடங்கு ஆபத்து என்பது சிறிய விஷயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் படியுங்கள். நோயுற்றவை, அடிபட்டவை எல்லாம் சேர்த்துக்கூட நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் உயிரோடு விழித்தெழுந்தன. இது "தாங்காது" என்பதற்கு ஆதாரமா, "தாங்கும்" என்பதற்கு ஆதாரமா? இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. இறந்த முயல்களில் பாதிக்கு மேல் சாகும்போது மேசையில் இல்லை, மயக்கம் முடிந்த பிறகுதான் இறந்தன. உடம்புச் சூடு குறையாமல் பார்ப்பதும், வலிக்கு மருந்து விடாமல் தருவதும், விழித்ததும் தின்ன வைப்பதும் எத்தனை உயிரைத் தீர்மானிக்கின்றன என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். நாய்க்குச் சொல்வதைப் போல முயலையும் முந்தின இரவு முழுக்கப் பட்டினி போடச் சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. வாந்தி எடுக்கவே முடியாத பிராணிக்கு அந்தப் பட்டினி எதற்கு? குடலை நிறுத்திவிட்டு மயக்கம் கொடுத்து, செத்தால் பழியை மயக்கத்தின் மேல் போடுவது நியாயமே இல்லை.

வீட்டு மருந்துப் பெட்டியும் இதே வேலையைச் செய்கிறது. குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை "சீழ் பிடிக்காம இருக்கட்டும்" என்று வாயில் ஊற்றிவிடுகிறார்கள். பெனிசிலின் வகை மருந்துகள் வாய்வழி போனால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகி, உயிரே போகலாம். வலிக்கு வழக்கமாகத் தரும் மெலாக்ஸிகாமில் தவறு நேர்மாறாக நடக்கிறது. முயலின் உடம்பு அதை வேகமாகக் கழித்துவிடுவதால், கிலோவுக்கு நாயைவிடக் கூடுதலான அளவு தேவை. நாய்க் கணக்கில் ஒரு சொட்டு கொடுத்துவிட்டு "மருந்து கொடுத்தாச்சு, இன்னும் தின்ன மாட்டேங்குது" என்று கையை விரிப்பதில் பொருளில்லை. அளவை முயல் மருத்துவம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். நாமாக ஊற்றவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

இத்தனை தவறுக்கும் வேர் எங்கே இருக்கிறது? என் பார்வையில் பண்ணைக் கணக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பு என்றால் நெடுங்காலமாகக் கறி வளர்ப்புதான். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இனங்கள் பண்ணைகளுக்குப் போயின. கையேடுகள் எடை கூடுவதைப் பற்றியும் குட்டி எண்ணிக்கையைப் பற்றியும் பேசின. மூன்று நான்கு மாதத்தில் கறிக்குப் போகிற முயலுக்கு ஆறு வாரம் கூண்டு ஓய்வு என்பது அதன் ஆயுளில் பெரும்பங்கு. கால் பிசகினால் உடனே கழித்துவிடுவது அந்த விவசாயியின் தொழில் நியாயம். அதோடு நான் இப்போது சண்டைக்குப் போகவில்லை. ஆனால் வீட்டுக்குள் பெயர் வைத்து வளர்க்கும் முயல் எட்டு, பத்து ஆண்டு வாழக்கூடியது. அதற்கும் அதே கணக்கைப் போடுவது எந்த நியாயம்? விலை குறைவு என்கிறார்கள். தெருவில் கிடந்து எடுத்த நாய்க்குட்டிக்கு விலையே இல்லை. அதற்குக் கால் உடைந்தால் அதே ஆட்கள் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன், செய்யவும் வேண்டும். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் மனிதர் நீங்கலான எல்லா உயிரையும் பிராணி என்றே வரையறுக்கிறது, முயலும் அதில் அடக்கம். முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் வெறும் ஐம்பது ரூபாய் என்று அந்தச் சட்டம் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது தனி வெட்கக்கேடு.

வைத்தியத்துக்குப் பிந்திய நாட்கள்தான் கடினமானவை, ஆனால் அவை எந்தக் குடும்பத்துக்கும் முடியாதவை இல்லை. எங்கள் வீட்டுச் சாம்பல் நிறப் பெட்டைக்கு இடுப்பு மூட்டு விலகியபோது நான் முதலில் கற்றது தரையைப் பற்றி. நம் வீட்டு டைல்ஸ் தரை முயலுக்கு எதிரி. பாதத்தில் நாய்போல மெத்தை கிடையாது, வெறும் மயிர்தான். வழுவழுப்பில் கால் பரப்பிக்கொண்டு போய், உட்கார வைத்த மூட்டு மறுபடி நழுவும். பழைய போர்வையை இரண்டாக மடித்துத் தைத்து விரித்தோம். கூண்டு சிறியதாக, துள்ள இடமில்லாததாக இருக்க வேண்டும், தரை கம்பிவலையாக இருக்கக் கூடாது. தண்ணீர் குழாய்ப் புட்டியில் வேண்டாம், தலையைத் தூக்காமலே குடிக்கிற தாழ்ந்த கிண்ணத்தில் வைக்கலாம். புல் எப்போதும் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல்லோ அருகம்புல்லோ எதுவானாலும் சரி, நார் முக்கியம். குதிரை மசாலை மட்டும் வளர்ந்த முயலுக்கு அள்ளிக் கொட்டாதீர்கள், சுண்ணாம்புச்சத்து அதில் அதிகம். தானாகத் தின்னாத வேளைகளில், வயிற்றில் அடைப்பில்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, ஊறவைத்து மசித்த பெல்லெட் தீவனத்தைச் சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். விழுங்கிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

எவரும் சொல்லித் தராத ஒன்று உண்டு. முயல் இருவகையாக மலம் கழிக்கும். உருண்டைப் புழுக்கை நாம் பார்ப்பது. திராட்சைக் கொத்துபோல மினுமினுப்பான மென்மலத்தை அது குனிந்து ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்துத் தின்றுவிடும். அதற்குத் தேவையான சத்தில் ஒரு முக்கியப் பங்கு அதில்தான். இடுப்பு வலித்தால் அதனால் குனிய முடியாது. மென்மலம் மயிரில் அப்பிக்கொள்ளும், மூத்திரமும் சேர்ந்து தோல் வெந்துபோகும். நம் ஊர் வெக்கையில் ஈ உட்கார அதிக நேரம் ஆகாது. முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையிலும் மாலையிலும் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு முயல் இறந்த வீடுகளில் காரணத்தைக் கேட்டுப் பாருங்கள், "கால் அடிபட்டதுதான்" என்பார்கள்.

காதும் அப்படித்தான். முயல் காதைச் சொறிவது பின்னங்காலால். எங்கள் பெட்டைக்கு அடிபட்ட பக்கத்துக் காது அரித்தால் தொடை மட்டும் துடிக்கும், பாதம் எட்டாது. அந்த நேரம் பார்த்து நான் காதடியை விரலால் தேய்த்துவிட்டால், கால் காற்றில் தானாகச் சொறிந்துகொண்டே இருக்கும், கண் சொருகும். அழுக்கு சேராமல் அந்தக் காதைத் துடைத்துவிடுவது அதன்பின் எங்கள் வேலையாயிற்று. வேலை என்று சொன்னேனே தவிர, அதைச் செய்ய வீட்டில் போட்டியே இருந்தது.

மூட்டு உட்காராமலே போனால்? அப்போதும் கதை முடிவதில்லை. தொடை எலும்பின் தலையை அறுவையில் எடுத்துவிட்டால் தசையும் நார்த்திசுவும் சேர்ந்து ஒரு மாற்று மூட்டைத் தாமே அமைத்துக்கொள்ளும். முயலின் உடம்பு கனமில்லாததால் அது பெரும்பாலும் போதும். காலையே எடுக்க நேர்ந்தாலும் மூன்று காலோடு ஓடித் திரியும் முயல்கள் ஏராளம். எடை மட்டும் ஏறக் கூடாது, ஏறினால் மிச்சமிருக்கும் பாதத்தில் புண் வரும்.

கருணைக்கொலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. முயலைக் காதைப் பிடித்துத் தூக்குகிற, பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்குகிற பழக்கத்தால் அது உதைக்கும் உதையில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்வதுண்டு. இரண்டு பின்னங்காலும் துவண்டு, கிள்ளினால் உணர்வில்லாமல், மூத்திரம் தானாக ஒழுகினால், எக்ஸ்ரேயில் தண்டுவடம் போய்விட்டது என்று தெரிந்தால், வலியில்லாத ஊசி போட்டு அனுப்பிவைப்பதுதான் அன்பு. அந்த முடிவோடு நானும் நிற்பேன். ஆனால் அந்த முடிவு எக்ஸ்ரேக்குப் பிறகு எடுக்க வேண்டியது. துண்டை அவிழ்க்காமல் எடுக்கப்படும் முடிவுக்குக் கருணை என்று பெயர் வைக்காதீர்கள்.

முயல் வளர்ப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கே, அடிபடுவதற்கு முன்பே, அக்கம்பக்கத்துக் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு போன் போட்டு வையுங்கள். முயலுக்கு எக்ஸ்ரே எடுப்பீர்களா, மயக்கத்துக்கு முன் பட்டினி போடச் சொல்வீர்களா, வலிக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். இரவு முழுக்கப் பட்டினி என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்தில் கால்நடைக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று விசாரித்து, எண்ணைக் கூண்டின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.